ஜார்ஜியாவிலிருந்து வந்த ஆரஞ்சு ஒயின்: கெட்டுப்போனதா, குடிக்கலாமா?

மயிலாடுதுறையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மைத்துனர் மகன் திபிலிசியில் எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகிறான். லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் ஒயின் கொடுத்துவிட்டுப் போனான். லேபிளில் ஆம்பர் ஒயின் என்று இருக்கிறது. ஆரஞ்சு ஒயின் என்றும் சொல்வார்களாம். பார்த்தால் ஆறிப்போன கட்டங்காப்பி நிறத்தில் இருக்கிறது, அடியில் கசடு வேறு. கெட்டுப்போய்விட்டதா? ஆரஞ்சுப் பழத்தில் செய்வதா? குடிப்பதென்றால் எப்படி, எதோடு?"

சார், முதலில் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். நிறமும் கசடும் அதன் சுபாவம். நான் காரைக்கால்காரன். இருபது வருடத்துக்கு மேல் பிரான்ஸில், பெரும்பாலும் ஸ்த்ராஸ்பூர் பக்கத்து உணவகங்களில், மேசைக்கு மேசை ஒயின் ஊற்றிப் பிழைத்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. வெள்ளைத் திராட்சையை, அதாவது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் ரகத்தை, தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைத்தால் வருவது இது. இந்தக் குழப்பத்தில் நானே ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா "வான் ஓரான்ஜ்" (பிரெஞ்சில் ஆரஞ்சு ஒயின்) இருக்கிறதா என்று கேட்டார். நான் உள்ளே போய் "வான் தோரான்ஜ்" ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். இது தெற்கு பிரான்ஸில் கசப்பு ஆரஞ்சைச் சர்க்கரையோடு ஒயினில் ஊறப்போட்டுச் செய்யும் தித்திப்புப் பானம், சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கிளாஸில் குடிப்பது. அந்த அம்மா ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கிளாஸைத் தள்ளி வைத்தார். பெரியவர் ஒருவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் நடத்திய பாடம்தான் கீழே வருவதில் பாதி.

சந்தையில் கம்பம் பன்னீர் திராட்சை கிடைக்கிறது அல்லவா, ஒன்றை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். வெளியே கருநீலம், உள்ளே வெளிறிய பச்சை. பிழிந்தால் வரும் சாற்றில் சொல்லிக்கொள்ளும்படி நிறமே இருக்காது. நிறம் முழுக்கத் தோலில். ஆகவே ஒயினின் நிறத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: எந்தத் திராட்சை, தோலோடு எவ்வளவு நேரம். கறுப்புத் திராட்சையைத் தோலோடு நாள்கணக்கில் ஊறப்போட்டால் சிவப்பு ஒயின். அதையே சில மணி நேரத்தில் வடித்துவிட்டால் ரோஜா நிற ரோஸே. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து உடனே தோலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். மிச்சமிருக்கும் நாலாவது வழி, வெள்ளைத் திராட்சையைச் சிவப்பு ஒயின் செய்வதுபோலத் தோலோடு விடுவது. அதுதான் உங்கள் பாட்டில்.

டீ போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூளைப் போட்டவுடன் வடித்தால் வெளிறல், அரை மணி நேரம் விட்டால் நாக்கைப் பிடிக்கும். இங்கேயும் அப்படியே. மூன்று நாலு நாள் ஊறினது லேசான பொன்னிறம், குடிக்கவும் சுலபம். சில வாரம் போனால் செம்பு நிறம். ஜார்ஜியாவின் ககேதி பகுதியில் ஆறு மாதம் வரைகூட விடுவார்கள். நிறம் தோலிலிருந்து மட்டும் வருவதில்லை, கொஞ்சம் காற்றும் சேர்ந்து வேலை செய்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் குடும்பத்து வேதியியல்தான்.

பெயர் மிகப் புதியது. 2004-ல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் இறக்குமதியாளர் சிசிலியில் இருந்தபோது, இந்த வகைக்கு ஒரு பொதுப்பெயர் இல்லையே என்று 'ஆரஞ்சு ஒயின்' எனச் சொல்ல, அது ஒட்டிக்கொண்டது. ஜார்ஜியர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆம்பர் என்பார்கள், அதாவது நிமிளை என்கிற, கல்லாய் இறுகிய மரப்பிசினின் நிறம். எனக்கும் அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. பன்னாட்டுத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2020-ல் இதற்கு வரையறை கொடுத்தபோது இரண்டு பெயரையும் விட்டுவிட்டு, 'தோலோடு ஊறிய வெள்ளை ஒயின்' என்ற பொருளில் பெயர் வைத்து, குறைந்தது ஒரு மாதமாவது ஊற வேண்டும் என்று சொன்னது. கடைகளில் ஒரு வாரம் ஊறினதையும் ஆரஞ்சு என்றே விற்கிறார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை.

இனி ஜார்ஜியா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம்மூர் ஆளுக்கு இதில் புரியாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது.

அவர்கள் ஒயின் செய்யும் பாத்திரத்துக்குக் க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவில், அடி கூம்பிய பெரிய மண் தாழி. பெரியதில் ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர்கூடப் பிடிக்கும், ஆள் உள்ளே இறங்கிக் கழுவலாம். சக்கரத்தில் வைத்துச் சுற்றுவதில்லை. களிமண்ணைக் கயிறுபோல் உருட்டி, ஒரு சுற்று வைத்து, அது கொஞ்சம் இறுகியபின் அடுத்த சுற்று என்று நாள்கணக்கில் எழுப்புகிறார்கள். பழைய வீட்டுக் கூடத்து மூலையில் உறை மேல் உறை வைத்த நெற்குதிர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும். சுட்டு எடுத்து, சூட்டோடு உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். மண்ணின் நுண்துளைகள் அடைபடும், கழுவவும் சுலபம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சும் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்குமானால், ஒரு க்வெவ்ரி செய்யும் கொட்டகையில் நின்றால் சொந்த ஊரில் நிற்பதுபோல இருக்கும். எனக்கு இருந்தது.

பிறகு அந்தத் தாழியைக் கழுத்து மட்டும் தெரியும்படி மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். வெளியே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் பூமிக்குள் சூடு பெரிதாக மாறாது. மின்சாரம் இல்லாத குளிர்சாதனம். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பழத்தைக் குடைந்த மரத்தொட்டியில் காலால் மிதித்து, சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்பு உட்பட அத்தனையையும் தாழிக்குள் விடுவார்கள். ஈஸ்ட் தனியாகப் போடுவதில்லை, பழத்தோலிலும் அந்த இடத்திலும் இருப்பதே போதும். நம் இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள்? இரண்டு மூன்று வாரம் பொங்கும். அப்போது தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பிபோல் கட்டிக்கொள்ளும். நீளக் கம்பால் ஒரு நாளைக்குப் பல தடவை அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே காய்ந்து வினிகராகிவிடும்.

பொங்குவது அடங்கியதும் மூடி போட்டுக் களிமண் வைத்துப் பூசிவிடுவார்கள். இனி வசந்தம் வரை திறப்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. அடி கூம்பாக இருப்பதால் கனமான விதைகள் முதலில் போய் அந்த முனையில் குவிந்துகொள்ளும். அவற்றின் மேல் தோல்கள் படிந்து மூடிவிடும். கசப்பெல்லாம் விதையில்தானே இருக்கிறது, அதைத் தோல் போர்வை போட்டு ஒயினிடமிருந்து பிரித்து வைக்கிறது. பாத்திரத்தின் உருவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அடி தட்டையான தொட்டியில் ஆறு மாதம் விட்டால் இப்படி அமையாது.

இது எவ்வளவு பழசு என்றால், திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா என்ற மேட்டில் தோண்டி எடுத்த மட்பாண்டத் துண்டுகளில் திராட்சை ஒயினின் தடயம் கிடைத்தது. கி.மு. 6000-ஐ ஒட்டிய காலம் என்று 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது. க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோவியத் காலத்தில் அரசாங்க ஆலைகள் எல்லாம் பெருமளவு உற்பத்தி, தித்திப்பு ஒயின் என்று போக, தாழி ஒயின் வீட்டுக் கொல்லையில் பிழைத்துக் கிடந்தது. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் போனதும் வேறு நாடுகளுக்கு விற்றாக வேண்டிய கட்டாயம் வந்தது, கொல்லைத் தாழிக்கும் மவுசு வந்தது. (உடனே யாராவது பூம்புகார், யவனர், தேறல் என்று ஆரம்பிப்பீர்கள். யவனர் நம் கடற்கரைக்கு ஒயின் கொண்டுவந்தது உண்மைதான். அந்த ஜாடியில் இருந்தது இந்த நிறத்து ஒயின்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் ஆகாது.)

இத்தாலிக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஸ்லோவேனியா எல்லையில் ஒஸ்லாவியா என்ற சின்ன ஊர். அங்கே யோஷ்கோ க்ராவ்னர், ஸ்தான்கோ ராடிகோன் என்று இருவர், 1990-களில் ரிபொல்லா ஜால்லா என்ற வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைக்கத் தொடங்கினார்கள். அதன் தோல் தடிமன், வாசனையும் அதில்தான் இருக்கிறது. அவர்கள் தாத்தா காலத்தில் அந்தப் பக்கம் இப்படித்தான் செய்தார்கள். க்ராவ்னர் 2000-ல் ஜார்ஜியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2001 அறுவடையிலிருந்து தாழிக்கே மாறிவிட்டார். இன்று ஐரோப்பாவின் ஒயின் பார்களில் இந்த நிறம் தெரிகிறது என்றால் இந்த இரண்டு பேருக்கும் அதில் பெரிய பங்கு.

சரி, குடித்தால் எப்படி இருக்கும்? புத்தகத்தில் எழுதுவது: காய்ந்த ஆப்ரிகாட், தேன், அக்ரூட் பருப்பு, டீ, காய்ந்த ஆரஞ்சுத் தோல். இதெல்லாம் இருக்கும்தான், ஆனால் முதல் வாய் குடிக்கிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. வாய் இழுத்துப் பிடிக்கும், அது ஒன்றுதான் தெரியும். ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெள்ளை ஒயின் என்றால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று பழகின நாக்கு அவர்களுடையது. டானின் என்பார்கள், பிடிப்பு என்பார்கள், காய்ந்த உணர்வு என்பார்கள். அது சுவை அல்ல, தொடு உணர்ச்சி என்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் தடவை ஒரு பாட்டிலை ஊருக்குக் கொண்டுவந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் பழைய பிரெஞ்சு ஆள், தீபாவளி பொங்கலுக்கு ஒயின் குடித்து வளர்ந்தவர். மடியில் வெற்றிலைச் செல்லம். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "என்னடா, கொட்டைப்பாக்கு ஊறின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "துவர்ப்புடா. துவர்ப்புன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?" என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினார்.

இத்தனை வருடம் நான் தேடிக்கொண்டிருந்த சொல் வெற்றிலைச் செல்லத்திலேயே இருந்திருக்கிறது. நமக்கு அறுசுவையில் துவர்ப்பு ஒன்று. பாக்கு, வாழைப்பூ, நெல்லிக்காய், கடுக்காய், மாதுளைத் தோல் எல்லாம் அந்தப் பக்கம்தான். இவற்றில் இருக்கும் டானின் குடும்பத்துப் பொருள்கள்தான் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. எச்சிலில் இருக்கும் புரதத்தை அவை பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய் இழுக்கிறது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் மென்று வளர்ந்தவருக்கு இந்த ஒயினில் பயப்பட ஒன்றுமில்லை. என் அனுபவத்தில், முதல் கிளாஸிலேயே ஆரஞ்சு ஒயினோடு சமாதானம் ஆகிவிடுகிறவர்கள் வெற்றிலை போடும் நம்மூர்ப் பெரியவர்களும், சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறவர்களும். தித்திப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம் சுளித்துப் போய்விடுவார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலான ஆம்பர் ஒயினில் சர்க்கரை துளிகூட நிற்பதில்லை.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். கலங்கல் என்றால் வடிகட்டவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், கசடு அடியில் தங்கும். ஊற்றும்போது குலுக்காமல், வடித்த கஞ்சியைத் தெளிய வைத்து இறுத்தெடுக்கிற கை வாகில் ஊற்றினால் போதும்.

உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் மூக்கே சொல்லும். நகப்பாலிஷ் வாடை தூக்கலாக அடித்தால் கெட்டது. வினிகர் மூக்கில் ஏறினாலும் அப்படியே. அடிபட்ட ஆப்பிள் மாதிரி கொஞ்சம் வாசம் வருவது இந்த வகையில் சகஜம். அது மட்டுமே தெரிந்து வேறு எதுவும் தெரியவில்லை என்றால்தான் காற்று பட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கோளாறு விசித்திரமானது. மோந்தால் ஒன்றும் இருக்காது, விழுங்கி அரை நிமிடம் கழித்து எலிக்கூண்டு நாற்றம் தொண்டையிலிருந்து எழும்பும். கெடாமலிருக்கப் போடும் கந்தகத்தைச் சேர்க்காமல் செய்யும் ஒயின்களில் சில கிருமிகளால் வருவது. ஒயினின் புளிப்பில் அடங்கிக் கிடக்கும் அந்தச் சேர்மங்கள், எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும் ஆவியாகி மூக்குக்கு ஏறுகின்றன. அந்தச் சேர்மங்களில் ஒன்றுதான் பாஸ்மதி அரிசிக்கு வாசனை கொடுப்பதும். சோற்றில் மணம், ஒயினில் எலி. சிலருக்கு இது தெரியவே தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தூ என்று துப்புவார்.

இயற்கை ஒயின் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மருந்தடிக்காத தோட்டம், எதுவும் சேர்க்காத ஒயின் என்பது அவர்கள் கொள்கை. அவர்களில் பலர் ஆரஞ்சு ஒயின் செய்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்று என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆரஞ்சு என்பது செய்முறை, இயற்கை என்பது கொள்கை. பெரிய ஆலைகளும் ஸ்டீல் தொட்டியில், வாங்கிய ஈஸ்ட் போட்டு, சுத்தமாக வடிகட்டிய ஆரஞ்சு ஒயின் செய்து விற்கின்றன. புதிதாகக் குடிக்கிறவருக்குச் சில சமயம் அதுவே நல்லது.

குடிக்கும் சூடு பற்றி ஐரோப்பியப் புத்தகங்களை நம்பாதீர்கள். 'அறை வெப்பத்தில்' என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். அவர்கள் அறை 18 டிகிரி, நம் அறை ஏப்ரலில் 34. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முன்னால் வந்து மூக்கைக் குத்தும், துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தாலும் தப்பு. 4, 5 டிகிரியில் வாசனை எல்லாம் உறைந்துபோய் வெறும் கசப்புத்தான் மிஞ்சும். 12-லிருந்து 15 டிகிரி சரி. நம் ஊரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது, முப்பது நிமிடம் வெளியே வைத்தால் அங்கே வந்துவிடும். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். கிளாஸ் வாய் குறுகியதாக இருந்தால் வாசனை நிற்கும், இல்லாவிட்டால் சாதாரணக் கண்ணாடி டம்ளரே போதும். ஜார்ஜியாவின் கிராமங்களில் மண் கிண்ணத்தில்கூடக் குடிக்கிறார்கள்.

இன்னொன்று, பாட்டில் இதுவரை எங்கே இருந்தது? மே மாதம் முழுக்க பீரோ மேல் இருந்திருந்தால் எனக்குக் கவலை. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், பழவாசம் செத்து வெந்த ஜாம் வாடை வரும். என் முதல் பாட்டில்களில் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். சென்னையிலிருந்து வந்த காரின் டிக்கியில் ஒரு பகல் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது கார்க் கால் அங்குலம் எழும்பி நின்றது, பையெல்லாம் பிசுபிசு.

திறந்த பின் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. டானின் இருப்பதாலும், செய்யும்போதே காற்றுக்குப் பழகியதாலும், கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். இரண்டாம் நாள் இன்னும் பணிந்துவரும் பாட்டில்கள் உண்டு.

சாப்பாட்டோடு குடிப்பதற்கென்றே உள்ள ஒயின் இது. வெறும் வாயில் குடித்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கொழுப்போ புரதமோ கூட இருந்தால் டானின் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். 'ஆரஞ்சு ஒயின் இந்திய உணவுக்குப் பிரமாதம், காரத்துக்குச் சரியான ஜோடி' என்று வெளிநாட்டில் எழுதுகிறார்கள். காரத்தைப் பற்றித் தெரியாதவர்கள் எழுதுவது. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை இன்னும் தூண்டிவிடும். செட்டிநாட்டு வறுவலோடு குடித்துப் பாருங்கள், காது வரை எரியும். மணமும் தேங்காயும் பருப்பும் உள்ள பதார்த்தம் வேறு, காரம் வேறு.

ஜார்ஜியச் சமையலைக் கவனித்தால் வழி தெரியும். அக்ரூட்டை அரைத்துக் குழம்பாக்குவார்கள், கத்தரிக்காயை வதக்கி அந்த விழுதைத் தடவிச் சுருட்டுவார்கள். கொத்தமல்லித் தழை, வெந்தய வகை ஒன்று, பூண்டு. இதற்கு நம் பக்கத்தில் நேர் அண்ணன் தம்பி கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு. பச்சை மிளகாயைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். இட்லியைக் கடப்பாவில் தோய்த்து ஒரு வாய், ஒயின் ஒரு வாய். இட்லியின் லேசான புளிப்பு ஒயினின் புளிப்போடு போய்ச் சேரும், கசகசா நெய்ப்பு துவர்ப்பை மழுக்கும். நான் சாப்பிட்ட எத்தனையோ விலையுயர்ந்த ஜோடிகளைவிட இது மேல். தஞ்சாவூர் ரசவாங்கியும் சரி, புளியை இறக்கி வைத்தால்.

அசைவம் என்றால் தேங்காய்ப்பால் விட்ட இறால், மஞ்சளும் பூண்டும் தூக்கலான சுறாப்புட்டு, மிளகு போட்ட நண்டு. மிளகின் காரம் மிளகாய்போல் எரித்துக்கொண்டே இருக்காது, ஒயினோடு ஒத்துப்போகும். பொரித்த மீன், எந்த மீனானாலும், எலுமிச்சை பிழியாமல். வாழைப்பூ வடை தர்க்கப்படி ஒத்துவரக் கூடாது, துவர்ப்பின் மேல் துவர்ப்பு. எண்ணெயும் கடலைப்பருப்பும் காப்பாற்றிவிடுகின்றன. தவிர்க்க வேண்டியது ரசம், சுண்டைக்காய் வத்தக்குழம்பு, பாகற்காய். கசப்பும் கட்டுப் புளியும் சேர்ந்தால் ஒயின் உலோகம்போல் ஆகிவிடும். தயிர்சாதத்தோடும் வேண்டாம், அதற்கு மாவடு போதும்.

அளவு விஷயத்தில் நம்மூரில் ஒரு மூடநம்பிக்கை. 'ஒயின்ஷாப்' என்று பெயர் வைத்துவிட்டு அங்கே பிராந்தி விற்றே பழகிய நமக்கு, ஒயின் என்றால் பழரசம், உடம்புக்கு நல்லது, பெண்கள்கூடக் குடிக்கலாம் என்ற பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 மில்லி பாட்டில், 12 சதவீதம் என்றால் உள்ளே சுத்த ஆல்கஹால் 90 மில்லி. ஒரு குவாட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி. ஒரு ஆள் ஒரு முழுப் பாட்டிலைக் குடித்தால் குவாட்டரைத் தாண்டிவிட்டார். நாலைந்து பேர் ஆளுக்கு 150 மில்லி என்று பகிர்ந்துகொள்கிற பாட்டில் அது. உடம்புக்கு நல்லது என்பதையும் விட்டுவிடுங்கள், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் திறக்காதீர்கள்.

இந்தியாவில் வாங்குவது பற்றி: டாஸ்மாக்கில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காரைக்காலில் மதுக்கடைகள் தாராளம், விலையும் குறைவு, ஆனால் நான் பார்த்தவரை அலமாரியில் இருப்பது விஸ்கி, பிராந்தி, பீர், ஒரு மூலையில் தூசி படிந்த சிவப்பு ஒயின். அங்கே எதையாவது வாங்கிக்கொண்டு நண்டலாறு செக்போஸ்ட் வழியாக வரலாம் என்று நினைத்தால் வம்பு, போலீஸ் பையைத் திறந்து பார்க்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில் தாராளமாக. இன்னும் ஒன்று, சந்தைத் திராட்சையை வாங்கி வீட்டுப் பானையில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதோடு பன்னீர் திராட்சை கறுப்பு ரகம், அதைத் தோலோடு போட்டால் சிவப்புத்தான் வரும்.

உங்கள் பாட்டிலின் லேபிளில் ர்கட்சிதெலி என்று இருக்கலாம், அங்கே அதிகம் பயிராகும் வெள்ளை ரகம் அது. பெயருக்குச் சிவந்த தண்டு என்று பொருள். புளிப்பும் துவர்ப்பும் இரண்டும் திடமாக இருக்கும், முதல் பாட்டிலுக்குக் கொஞ்சம் கனம்தான். திறந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே மூடாமல் விட்டால் இறுக்கம் தளரும். பையன் அடுத்த லீவுக்கு வரும்போது 'கிசி' வாங்கிவரச் சொல்லுங்கள், வாசனை கூடுதல், பிடிப்பு கொஞ்சம் குறைவு. இல்லையென்றால் மேற்கே இமெரெதி பகுதியின் ட்சொலிகவுரி. அங்கே தோலில் ஒரு பகுதியை மட்டும்தான் தாழியில் போடுவார்கள், டீயில் தூளைக் குறைத்தது மாதிரி லேசாக இருக்கும். பாட்டிலைக் கைப்பையில் வைக்க விமானத்தில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் இறங்கியதும் காரின் டிக்கியில் வேண்டாம், ஏசி இருக்கும் பக்கம், காலடியில்.